போத்தலில் ஒரு சிவப்புக் கோடு

எங்கள் மாடிவீட்டுத் திட்டத்தின் தொழுகை மண்டபத்தில், தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவி வுளு எடுக்கும் குழாய்களுக்கு மேலே அறைந்த ஓர் ஆணியில், ஒரு லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் தொங்குகிறது. கழுத்தில் நைலோன் கயிறு. பாதிக்குச் சற்று மேலே சிவப்பாக ஒரு கோடு. கோடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்கி, சந்திக்க வேண்டிய இடத்தில் சந்திக்காமல் போகிற ஒரு கீறல் அது. பெண்கள் நகத்தில் பூசும் கியூட்டெக்ஸால் போட்டது. நகத்தில் கியூட்டெக்ஸ் இருந்தால் தண்ணீர் படாது, வுளு கூடாது, போத்தலில் இருந்தால் கூடுமா என்று முதல் நாளே ஒருவர் பகிடி விட்டார். போன மாதக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஓர் உறுப்பினர், அந்தப் போத்தல் பார்க்க அசிங்கமாகக் கிடக்கிறது, கோடும் அழிந்து போய்விட்டது, நல்லதாக ஒரு சில்வர் கோப்பை வாங்கி மாட்டுவோம் என்றார். யார் எதைச் சொன்னாலும் தீர்மானமாக எழுதிவிடுகிற செயலாளரான நான் அன்று பேனையை மூடிவைத்தேன். ஏன் என்று கேட்டார்கள். கூட்டத்தில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற கதையல்ல அது. அதனால் எழுதுகிறேன்.

கடல் வந்து எங்கள் வீடுகளை அள்ளிக்கொண்டு போன பிறகு கட்டித் தந்த வீடுகள் இவை. மூன்று கட்டடங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு மாடி, நடுவே ஒரு புல்தரை, எல்லோருக்கும் பொதுவாக உயரத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி. கல்முனைக் கடலோரத்துச் சனங்களுக்கு மாடியில் வாழ்ந்து பழக்கமில்லை. அதைவிட, ஒரே தாங்கியில் பங்கு போட்டுக் குடித்துப் பழக்கமில்லை. முன்பு வளவுக்கு வளவு கிணறு இருந்தது. மணல் நிலம். கிணற்றடியில் எவ்வளவு தண்ணீரை ஊற்றினாலும் மணல் உறிஞ்சித் திரும்பக் கிணற்றுக்கே கொடுத்துவிடும். ஆகவே தண்ணீர் வீணாகும் என்கிற நினைப்பே எங்கள் தலைமுறைக்கு இல்லை. மாடிக்கு ஏறிய பிறகும் அந்தக் கிணற்றுப் புத்தி எங்களை விட்டுப் போகவில்லை. குழாயைத் திறந்துவிட்டு மீனைக் கழுவுவோம், திறந்துவிட்டே பக்கத்து வீட்டுக்காரியோடு கதைப்போம். ஓடுகிற தண்ணீர் எங்கேயோ நம்முடைய மணலுக்குத்தானே போகிறது என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. உண்மையில் அது சீமெந்துக் கழிவுநீர்க் கானில் விழுந்து, நேரே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதன் பலனை அனுபவித்தவர் நாலாம் மாடி ராத்தா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். திட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் ராத்தாதான், அக்காதான், அவருடைய கணவர் மச்சான்தான். கோடையில் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கினால் ஊர்த் தண்ணீர் நாளுக்குச் சில மணி நேரம்தான் வரும். தாங்கி பாதிதான் நிரம்பும். கீழே இருக்கிற நாங்கள் குழாயைத் திறந்தால் மேலே அவர் வீட்டுக் குழாய் ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கிவிடும். மச்சானுக்குப் பாரிசவாதம். வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. படுக்கையில் கிடக்கிற மனிதரைக் கழுவித் துடைத்துத் தொழுகைக்குச் சுத்தமாக வைத்திருக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ராத்தா கையில் இரண்டு வாளியோடு கீழே இறங்குவார், ஊர்த் தண்ணீர் வந்து விழுகிற நிலத் தொட்டியில் நிரப்புவார், மாடிக்கு மாடி ஒரு தரம் வாளியை இறக்கிவைத்து மூச்சு வாங்கி, மேலே ஏறுவார். எங்கள் வீடு முதலாம் மாடியில். கதவுக்கு வெளியே வாளி வைக்கிற சத்தம் கேட்டால் என் மனைவி, “ராத்தா போறா” என்பாள். நான் ஓம் என்பேன். அவ்வளவுதான் எங்களுடைய இரக்கம்.

நடுவிலிருந்த புல்தரை மச்சான் வைத்தது. நாங்கள் குடிவந்தபோது அந்த இடம் வெறும் கொதிமணல். வெயிலில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. மச்சானுக்கு நாவிதன்வெளிப் பக்கம் வயல் இருந்தது. ஒரு போகம் வெட்டி முடிந்ததும் உழவு இயந்திரப் பெட்டியில் வயல் மண்ணையும் வரம்பில் படர்ந்திருந்த அறுகையும் ஏற்றிக்கொண்டு வந்து, தனியாளாய் நின்று பரப்பினார். மாரி மழைக்கு அது வேர் பிடித்தது. அடுத்த பெருநாளைக்கே நாங்கள் பாயை விரித்து அங்கே தொழுதோம், பிறகு பெண்களும் பின்னால் வந்து தொழத் தொடங்கினார்கள். அவர் விழுந்த பிறகு புல்லைப் பராமரிக்கும் பொறுப்பைக் கமிட்டி எடுத்துக்கொண்டது. கமிட்டி என்றால் நான்தான். பதினைந்து நாளைக்கொரு தரம் ஆளைப் பிடித்து, கொழும்புப் பங்களாப் புல்லைப் போல ஒட்ட வெட்டச் செய்வேன். வெள்ளிக்கிழமைகளில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, என் கடைக்குத் திரும்பிப் போகுமுன், உச்சி வெயிலில் நீளக் குழாயைப் பிடித்து அரை மணி நேரம் தண்ணீர் அடிப்பேன். மூன்று கட்டடத்துச் சனமும் ஜன்னலில் பார்க்கிறார்கள் என்கிற பெருமை வேறு எனக்கு.

ஒரு வருஷம் கச்சான் முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. தாங்கி பின்னேரத் தொழுகையான அஸருக்கு முன்பே காலியாகியது. கூட்டத்தில் பலத்த சத்தம். கடைசியில் தலைவர் ஹாஜியார் ஒரு முடிவு சொன்னார்: புல்லுக்கு ஊற்றுகிற தண்ணீர்தான் நம்மைக் கெடுக்கிறது, புல்லைப் பிடுங்கிவிட்டுக் கல் பதிப்போம், மோட்டார் சைக்கிள் நிறுத்தவும் இடம் கிடைக்கும். எல்லோருக்கும் அது பிடித்தது, எனக்கும் பிடித்தது. “நாலாம் மாடியில் வசிப்போரின் சிரமத்தைக் கருத்திற்கொண்டு” என்று அழகாகத் தொடங்கித் தீர்மானத்தை எழுதினேன். ராத்தாவின் பெயரால் எழுதிய தீர்மானம், அவர்தான் முதலில் கையெழுத்து வைப்பார் என்று நம்பினேன். பின்வரிசையில் பெண்களோடு இருந்த ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

“புல்லப் பிடுங்கினா என்ட பைப்புல தண்ணி வருமா, தம்பி? அத எழுதித் தாங்க. நான் இப்பவே கையெழுத்து வெக்கிறன்.”

நான் பேனை மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அவர் உட்காரவில்லை. மச்சான் கட்டிலை ஜன்னலோடு போடச் சொல்லி அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டுதான் நாளைக் கழிக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றை அன்று சொன்னார். விழுந்த நாளிலிருந்து மச்சான் எதையும் கேட்டதில்லையாம். இந்தக் கிழமைதான், குழறும் நாக்கால், ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகையைத் தன் புல்லில் தொழ வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ராத்தா கமிட்டியைப் பார்த்து நேராகவே பேசினார்.

“பெருநாள் மட்டுக்கும் தவணை தாங்க. தாங்கித் தண்ணில ஒரு சொட்டு புல்லுக்கு வேணாம். அண்டைக்கு அது பச்சையா இல்லாட்டிக் கல்லப் பதிங்க, முதல் கல்ல நானே தூக்கித் தாறன். பச்சையா இருந்திச்சென்டா அவர அதில இறக்கித் தொழ வெக்கணும். தூக்குறது நீங்க.”

ஹாஜியார் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். இரண்டு மாதத்துக்கும் மேல் மழைக்கு வழியில்லை, தாங்கித் தண்ணீரும் இல்லை, பிறகு புல் எங்கே தப்பப் போகிறது? நானும் சிரித்தேன். அந்த வாரமே கல் கடையில் மாதிரிகள் பார்த்துவிட்டு வந்தேன் என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

ராத்தாவின் வாப்பா நாவிதன்வெளிப் பக்கம் வட்டவிதானையாக இருந்தவர். வாய்க்கால் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடுகிற ஆள். அந்த வீட்டில் வளர்ந்தவருக்குத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கிற கண் இருந்தது. எங்களில் யாருக்கும் அது இல்லை. முதல் நான்கு நாளும் அவர் ஒன்றுமே செய்யவில்லை, வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குகிற வழியில் ஆங்காங்கே நின்று கானைப் பார்த்தார், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் என் மனைவியிடம் வந்து, தொழுகை மண்டபத்தின் பின்பக்கக் கானில் ஐந்து நேரமும் வாய்க்கால் மாதிரித் தண்ணீர் போகிறதே, கவனித்தாயா என்று கேட்டார். எட்டுக் குழாய். ஒவ்வொரு தொழுகைக்கும் ஐம்பது அறுபது பேர். குழாயை முழுதாகத் திறந்து, கையைக் கழுவி, வாயைக் கொப்பளித்து, பக்கத்தில் நிற்பவரிடம் மீன் விலை கேட்டு, முகத்தைக் கழுவி, அவர் பதில் சொல்லி முடியும்வரை காலைக் கழுவிக்கொண்டிருப்போம். தாங்கியைக் காலி செய்தது நான் வெள்ளிக்கிழமையில் அடிக்கிற அரை மணித் தண்ணீர் மட்டுமல்ல. அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக்கொண்டு நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் காலி செய்துகொண்டிருந்தோம்.

அவர் ஒரு மேசனைக் கூப்பிட்டு, வுளுத் தண்ணீர் கானுக்கு இறங்குகிற வாயில் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி, மண்ணுக்கடியால் புல்தரைக்குக் கொண்டுவந்தார். அங்கே வரம்பு கட்டி, வாய்க்கால் வெட்டி, ஒவ்வொரு பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பினார். விடியலில் சுபஹுக்கு ஒரு பக்கம், அந்தியில் மஃரிபுக்கு ஒரு பக்கம். வெயில் ஏறிய பிறகு மத்தியான லுஹர், அஸர் தண்ணீரை ஒரு பழைய தகரப் பரலில் பிடித்து மூடிவைத்து, வெயில் தாழ்ந்த பிறகுதான் திறந்துவிடுவார். உச்சி வெயிலில் ஊற்றுகிற தண்ணீரைப் புல் குடிப்பதில்லை, வெயில்தான் குடிக்கிறது என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். புல் வெட்டுகிற ஆளையும் வரவேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஒட்ட வெட்டினால் வேரில் வெயில் படும், வளர விட்டால் தன் நிழலில் தானே குளிர்ந்துகொள்ளுமாம். எங்கள் கொழும்புப் புல் கணுக்கால் உயரத்துக்குப் பரட்டைத் தலையாக வளர்ந்தது. ஆண்கள் அவருக்குப் புல்லு வட்டவிதானை என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு அது கேட்டது. கேட்டுவிட்டு, “வாப்பாட வேலதானே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பகிடி பகிடியாக இருந்தவரை பாதகமில்லை. மூன்றாவது வாரத்தில், புல் சாகவில்லை என்று தெரிந்ததும், சிலருக்கு மனம் குறுகுறுத்தது. ஐம்பது பேர் கொப்பளித்துத் துப்பிய தண்ணீர், கால் கழுவிய தண்ணீர், அது பாய்கிற புல்லில் எப்படி நெற்றியை வைத்துச் சுஜூது செய்வது? பெருநாள் தொழுகை கூடுமா? கேட்டவர்கள் யாரும் மௌலவியிடம் போய்க் கேட்கவில்லை, என்னிடம் வந்து கேட்டார்கள். எனக்கு மார்க்கமும் தெரியாது, தாவரமும் தெரியாது. ஆனால் செயலாளர் ஆயிற்றே. ராத்தாவோடு கதைக்கத் துணிச்சல் இல்லாமல், ஒருவருக்கும் சொல்லாமல், ஒரு நாள் சுபஹ் தொழுதுவிட்டு எல்லோரும் கலைந்த பிறகு, என்னுடைய பழைய மருதமுனைச் சாறன் ஒன்றைச் சுருட்டி அந்தக் குழாயின் வாய்க்குள் அமுக்கிவிட்டேன். தண்ணீர் பழையபடி கானுக்குத் திரும்பியது. சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தேன்.

நான்கு நாளில், வெயில் கூடப் படுகிற புல்லின் ஒரு பக்கம் மஞ்சளாகியது. ஐந்தாம் நாள் காலை ராத்தா மண்ணைக் கிளறிக் குழாயைச் சோதித்ததை ஜன்னலால் பார்த்தேன். சத்தம் போடுவார், கமிட்டியைக் கூட்டுவார் என்று எதிர்பார்த்து, கடைக்கு நேரத்தோடு போய்விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்தால் கூடத்து மேசையில் என் சாறன் இருந்தது, கழுவி, வெயிலில் காயவைத்து, நான்காக மடித்து. ராத்தா கொண்டுவந்து என் மனைவியின் கையில் கொடுத்திருக்கிறார். கட்டம் போட்ட அந்தச் சாறன் எங்கள் கொடியில் காய்வதை அவர் எத்தனையோ தரம் பார்த்திருப்பார். அவர் சொன்னதை என் மனைவி ஒரு சொல் விடாமல் எனக்குச் சொன்னாள்.

“தம்பிட சாறன் பைப்புக்குள்ள போய்ச் சிக்கியிரிக்கி, புள்ள. நல்லா அலசித்தான் தாறன். ரெண்டு வாளித் தண்ணி முடிஞ்சி.”

அந்த இரண்டு வாளியும் நாலாம் மாடிக்கு ஏறிய தண்ணீர். என் மனைவி அன்று என்னோடு வேறெதுவும் கதைக்கவில்லை; கதைத்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் எழுந்துபோய் நிலத் தொட்டியில் இரண்டு வாளி நிரப்பித் தூக்கிக்கொண்டு ஏறினேன். மூன்றாம் மாடியில் கை கடுத்துப்போய் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேலும் ஒரு மாடி இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குச் சரியாக விளங்கியது. ராத்தா கதவைத் திறந்து வாளிகளை வாங்கிக்கொண்டார். மச்சான் ஜன்னலோரத்தில் சாய்ந்து கிடந்தார். என்னைக் கண்டதும் இடக்கையால் வரச் சொல்லிச் சைகை செய்து கீழே காட்டினார். மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது: இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் மஞ்சள், நடுவே நான் போட்ட கோடு. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். அவருக்கும் தெரிந்திருந்தது. நான் வாய்விட்டு மாப்புக் கேட்டேன்.

மறுநாள் அஸருக்குப் பிறகு நானே மௌலவியிடம் போனேன், எல்லோருக்கும் முன்னால் கேள்வியைக் கேட்டேன். மண்டபத்தில் தொழுவிக்கிற அந்த இளம் மௌலவி அதிகம் பேசாதவர். தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

“வுளு எடுத்த தண்ணி சுத்தமான தண்ணிதான். அதால இன்னொருத்தர் வுளு எடுக்க ஏலாது, அவ்வளவுதான். புல்லு வுளு எடுக்கப் போறதில்லையே.”

மண்டபமே சிரித்தது. ஹாஜியாரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மௌலவி இன்னொன்றும் சொன்னார்: தண்ணீரின் சுத்தத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற நாம் அதன் அளவைப் பற்றி ஏன் ஒருநாளும் கேட்பதில்லை? நமது நபி றஸூலுல்லாஹ் ஒரு முத் தண்ணீரால் வுளு எடுத்தார்கள். நடுத்தரமான ஓர் ஆள் இரண்டு கையையும் சேர்த்து அள்ளுகிற அளவு அது. ஓடுகிற ஆற்றங்கரையில் நின்றாலும் விரயம் கூடாது என்று மார்க்கம் சொல்கிறது. மத்ரஸாவில் படித்த காலத்திலிருந்தே எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள்தான். அவற்றைக் குழாயடியில் வைத்து நினைத்துப் பார்த்ததில்லை, அதுதான் குறை. அன்று இரவுச் சாப்பாட்டின்போது அதை என் மனைவிக்குச் சொன்னேன், அவள் ராத்தாவுக்குச் சொன்னாள். இரண்டு நாள் கழித்து ராத்தா அந்தப் போத்தலோடு எங்கள் கதவைத் தட்டினார். மகள் கலியாணமாகிப் போகும்போது விட்டுச்சென்ற கியூட்டெக்ஸில் கோடு போட்டிருந்தார்.

“இதக் கொண்டு போய் அவடத்தக் கட்டுங்க, தம்பி. கோடு மட்டுக்கும் பிடிக்கணும். முதல் வுளு நீங்கதான் எடுக்கணும்.”

தண்டனை என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எனக்குப் புரிந்தது. அன்றைய மஃரிபுக்கு எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கோடு வரை நிரப்பி ஒரு கையால் சரித்து வுளு எடுத்தேன். முகம் முடிந்தது, கைகள் முடிந்தன, தலையைத் தடவினேன், வலது காலோடு போத்தல் காலி. ஒற்றைக்கால் செயலாளர் என்று கூப்பிட்டார்கள். அடுத்த நாள் ஹாஜியார், இதென்ன பெரிய வித்தையா என்று சாறனை உயர்த்திக் கட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு முழங்கையோடே முடிந்துவிட்டது. பிறகு அது ஒரு வீம்பாகிப் போனது. தனக்குத் தனக்கென்று போத்தல் கொண்டுவரத் தொடங்கினார்கள். ராத்தாவின் போத்தலில் வைத்துப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டார்கள். யார் ஒரு மிடறாவது மிச்சம் வைக்கிறார்கள் என்று போட்டி, அந்த மிச்சத்தைக் கொண்டுபோய்ப் புல்லில் ஊற்றுவது ஒரு பெருமை. பெண்கள் வீட்டுக்குள் இதே கணக்கைப் பிடித்துக்கொண்டார்கள். பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்துவிட்டவளுக்குப் பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து குத்துப் பேச்சு வந்தது. ஊர்ச் சனத்துக்குப் புத்தி சொன்னால் ஏறாது, போட்டி வைத்தால் ஏறிவிடும்.

எனக்கு ஒரு கவலை வந்தது. வுளுத் தண்ணீர் குறைந்தால் புல்லுக்குப் போவதும் குறையுமே! பெருநாளைக்கு இன்னும் இருபது நாள் கூட இல்லை. போய்ச் சொன்னபோது ராத்தா குனிந்து ஒரு பிடி புல்லை விலக்கி மண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மேலே காய்ந்து, உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. அது வரம்பில் கிடந்த அறுகு, வேர் இறங்கிவிட்டது, இனித் தானாகத் தேடிக்கொள்ளும் என்றார். “கடைசி வயலுக்குத் தண்ணி போனாத்தான் வாய்க்கால் ஓடினதென்டு கணக்கு. புல்லுக்குப் போச்சி. இனி என்ட பைப்பப் பாப்பம்” என்றார். கல்யாண வீட்டில் ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரூன்றி என்று வாழ்த்துவதை நானும் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அறுகின் வேரை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை. அஸர் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு சொல்லி முடிந்திருந்தது. நான் கமிட்டி அறையில் இருந்தேன். ராத்தா படியால் இறங்கி வந்தார், வழக்கம்போல இரண்டு கையிலும் இரண்டு வாளி. நிலத் தொட்டிப் பக்கம் போகவில்லை. நேரே என் அறை வாசலுக்கு வந்து, இரண்டு வாளியையும் கவிழ்த்துப் படியில் வைத்தார். மேலே அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கச்சானில், அஸர் நேரத்தில், நாலாம் மாடியில். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு, வெட்டி முடிந்த வயலை வரம்பில் நின்று பார்க்கிறவர்களின் முகத்தில் வருகிற சிரிப்பு. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெறுங்கையோடு படியேறிப் போனார். கூட்ட அறிக்கைப் புத்தகத்தைத் திறந்து, என் அழகான தீர்மானத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டேன். நான் எழுதியதிலேயே நல்ல வரி அதுதான்.

ஹஜ்ஜுப் பெருநாள் காலையில் மச்சானை இறக்கினோம். பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, ஹாஜியார் ஒரு கால், நான் ஒரு கால், இன்னும் இருவர் பின்னால். ஹாஜியாருக்கு வயதாகிவிட்டது, விடச் சொன்னோம், வாக்குக் கொடுத்தவன் நான் என்று விடவில்லை. ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சனம் நின்றது. மச்சான் புதுச் சாறனும் வெள்ளைச் சேட்டும் போட்டு, இடக்கையால் என் கழுத்தைக் கட்டிப் பிடித்திருந்தார். கீழே தக்பீர் முழங்கிக்கொண்டிருந்தது. கச்சான் எல்லா ஊரையும் சாம்பல் நிறமாக்கி வைத்திருந்த நேரம். அதன் நடுவே அந்தப் புல்தரை கண்ணைக் குத்துகிற பச்சையாகக் கிடந்தது. பாய் விரிக்க வந்தவர்களைப் பாய் வேண்டாம் என்று நிறுத்தியவர் யார் தெரியுமா? கால் கழுவின தண்ணீர் என்று முதலில் என்னிடம் வந்து முறைப்பட்டவர். வரிசையின் ஓரத்தில் கதிரையோடு மச்சானை வைத்தோம். கதிரையில் இருந்தபடியே தொழலாம் என்று மௌலவி சொன்னார். மச்சான் தலையை ஆட்டி மறுத்தார். இறக்கச் சொன்னார்.

சுஜூதுக்குப் போகும்போது நானும் ஹாஜியாரும் இரண்டு பக்கமும் தாங்கி அவரைப் புல்லில் சாய்த்தோம். நெற்றியை வைத்தார். அவ்வளவு நேரம் எழும்பாததால் எனக்குப் பயம் வந்துவிட்டது. தூக்கி நிமிர்த்தியபோது நெற்றியில் ஈரம், அதில் ஒட்டிய ஒரு புல் இதழ். தொழுகை முடிந்து சலாம் கொடுத்த பிறகு என் பக்கம் திரும்பி, குழறாமல், மெதுவாக, இரண்டே சொல் சொன்னார்.

“ஈரமாக் கிடக்கு.”

சுபஹில் நாங்கள் எடுத்த வுளுவின் ஈரம் அது. ஹாஜியார் சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பின்னால் பெண்கள் வரிசையில் ராத்தா எழுந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை என் சொந்த வீட்டுக் கலியாணத்தில்கூட அடைந்ததில்லை. தோற்றவன் நான். தோற்றதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டவன் ஊரில் வேறு யாரும் இருக்க முடியாது.

மச்சான் அதன் பிறகும் இரண்டு பெருநாளை அதே புல்லில் தொழுதுவிட்டுத்தான் கண்ணை மூடி வபாத்தானார். ஜனாஸாவையும் அந்தப் புல்லில் வைத்துத்தான் தொழுவித்தோம். ராத்தா மருதமுனைக்கு மகளோடு போய்விட்டார். இந்த வருஷமும் கச்சான் கடுமைதான். பக்கத்துத் திட்டங்களுக்குத் தண்ணீர் பவுசர் லொறி வந்து போகிறது. எங்கள் வாசலில் அது நிற்பதில்லை, நிற்கத் தேவையில்லை. போன மாதக் கூட்டத்துக்குப் பிறகு, கோடு அழிந்துவிட்டது என்பது உண்மைதானே, சரியான அளவைக் கேட்டுத் திரும்பப் போடுவோம் என்று ராத்தாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். முதலில் புல்லைத்தான் விசாரித்தார். பிறகு நான் அளவைக் கேட்டேன். அரிசியை அள்ளிப் போத்தலில் போட்டு, அது நின்ற மட்டத்தில் கோடு போட்டாராம். யாருடைய கையால் அள்ளியது, உங்கள் கையாலா, மச்சானின் கையாலா என்று கேட்டேன். எங்கள் ஆட்கள் இதையும் ஒரு பிரச்சினையாக்குவார்கள் என்று தெரியுமே.

“ரெண்டு பேர்ட கையாலயும்தான், தம்பி. ஒண்டு அவர்ட, ஒண்டு என்ட. அவர்ட மற்றக் கை விரியாதே.”

இத்தனை வருஷமாக நாங்கள் ஐந்து நேரமும் அளந்து பிடித்தது அந்த இரண்டு கைகளையும். பிறகு அவர், தண்ணீர் மேலே வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றேன். நேற்று என் மனைவியின் கியூட்டெக்ஸை வாங்கிக்கொண்டு போய், ஆணியிலிருந்து போத்தலைக் கழற்றி, மங்கிய தடத்தின் மேலேயே தூரிகையை வைத்து இழுத்தேன். அவர் போட்டதுபோலவே ஏறி இறங்கி, அதே இடத்தில் சந்திக்காமல் விட்டேன். காயும்வரை பிடித்துக்கொண்டு நின்று, கோடு வரை நிரப்பி, அஸருக்கு வுளு எடுத்தேன். இரண்டு காலும் நனைந்த பிறகும் ஒரு மிடறு மிச்சம் இருந்தது. அதைப் புல்லில் ஊற்றிவிட்டு நிமிர்ந்தபோது, நாலாம் மாடியில் இப்போது குடியிருக்கிற பெண் குழாயைத் திறந்திருக்க வேண்டும். வெறும் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கீழே வரை கேட்டது.